என் நாத்தனார் மூட்டிய அடுப்பு

எனக்குக் கணக்கு வரும். சோறு போடுவதே அதுதான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, இருட்டின பிறகு ஆண்டர்சன்பேட்டைக்குத் திரும்பி வருகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. மாமனார் காலத்தில் தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள்ளே போனார்கள், நாங்கள் ரயிலில் ஏறிப் பெங்களூர் போகிறோம். "ஷிஃப்ட்டுக்குப் போறேன்" என்று சொல்வது மட்டும் மாறவே இல்லை.

என் நாத்தனாரும் அதே ரயில்தான். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. புருஷன் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது, ஒரே பெண், பி.யூ.சி. படிக்கிறாள். நாத்தனாருக்கு ஒரு பிஸ்கெட் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. எங்கள் ஊர்க்காரர் வேறு யாரும் அந்தக் கம்பெனியில் இல்லை. பர்மனென்ட் வேலை. அந்த ஒரு வார்த்தைக்காக எங்கள் வீட்டில் அவளுக்குத் தனி மரியாதை உண்டு. நாற்பதைத் தாண்டினவள் ஒருதரம் வெளியே வந்துவிட்டால், அந்த கேட் மறுபடி திறக்காது. இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பஜார் பக்கம் மூடிக் கிடக்கிற பழைய பேக்கரியை எடுத்து நடத்தப் போகிறேன் என்றாள். எனக்கு வந்ததே கோபம்! பெட்டியில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, உனக்குப் பித்துப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துத் தின்றாள். பாதியை எனக்கும் கொடுத்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸுக்கு நிறைய வீடுகளில் கேக்கு வாங்கவும் மாட்டார்கள், வீட்டிலே சுடவும் மாட்டார்கள். மாவை வீட்டில் கலக்கி, சொந்த டின்னில் ஊற்றி, மேலே துணியைப் போட்டு மூடி, விறகு அடுப்பு இருக்கிற பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சுட்டு வாங்கி வருவார்கள். டின்னில் ஆணியால் வீட்டு அடையாளம் கீறி வைத்திருப்பார்கள், மைன்ஸ் குடியிருப்பில் எந்த லைன், அந்த வரிசையில் எந்த வீடு என்று. கேக்கு எல்லாம் ஒரே மாதிரி கறுப்பாக வெளியே வரும்போது அதுதான் சாட்சி. பொங்கலுக்கு எங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புகிற வீட்டிலிருந்தும் டின் வரும். இதற்கு மதமெல்லாம் கிடையாது.

ஆனால் வீட்டு மாவை வாங்கிச் சுட்டுத் தருகிற பேக்கரி இப்போது ஒன்றிரண்டுதான் மிச்சம். டிசம்பரில் அங்கே நிற்க முடியாது. வரிசையில் நிற்கிற நேரத்தில் பொங்கின மாவு அப்படியே அமுங்கிப்போகும். போன டிசம்பரில் என் நாத்தனாரும் அந்த வரிசையில் நின்றிருக்கிறாள். கூட்டத்தைப் பார்த்துத்தான் உனக்கு ஆசை வந்ததா என்று கேட்டேன்.

"நிக்கிறவங்கள நான் பாக்கல, அண்ணி. நிக்கிறவங்க எப்படியும் நிப்பாங்க. டின்னைத் தூக்கினு திரும்பிப் போனாங்க பாருங்க, அவங்களப் பாத்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. அதே வரிசையில் நானும் நின்றேனே, எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று மட்டும்தானே பார்த்தேன்.

சரி, ஆசைப்படுகிறாள், முறையாகவாவது செய்யட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தேன். வாடகை, விறகு, மைதா, கூலி, எவ்வளவு போகும், எவ்வளவு வரும், எப்போது போட்டது கைக்குத் திரும்பும், எல்லாம். அழகான கணக்கு. ஆபீஸில் காட்டினால் மேனேஜர் மெச்சியிருப்பார். அவள் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதில் நமக்குத் தெரிந்தது எது, நீங்களாகப் போட்டது எது என்று கேட்டாள். பார்த்தேன். வாடகை தெரியும், விறகு விலை தெரியும். மற்றதெல்லாம் நானாகப் போட்டது. டிசம்பருக்கு எத்தனை டின் வரும் என்பதைக்கூட ஒரு குத்துமதிப்பில்தான் எழுதியிருந்தேன். குத்துமதிப்பை எடுத்துவிட்டால் கணக்கே நிற்காது. அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்லா இருக்கு அண்ணி என்றாள். பிறகு அந்தக் கணக்கை அவள் தொடவே இல்லை.

அவளுடைய வழி வேறாக இருந்தது. அடுத்தடுத்து வந்த ஞாயிறுகளில் சர்ச் முடிந்ததும் ஸ்கெலட்டன், மைசூர் மைன்ஸ் என்று மைன்ஸ் ஆட்கள் குடியிருக்கிற இடங்களுக்கு லைன் லைனாகப் போனாள். பேக்கரி ஆரம்பித்தால் வருவீர்களா என்று யாரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் வருவேன் என்றுதான் சொல்வார்கள், எங்கள் ஜனங்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. உங்கள் கேக்கு டின்னை இப்போதே என்னிடம் கொடுத்து வையுங்கள், டிசம்பருக்கு மாவை மட்டும் கொண்டு வாருங்கள் என்று கேட்டாள்.

இது எனக்கு முதலில் கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. டின்னை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டேன். "வாய் சும்மாவே சொல்லும், அண்ணி. டின்னைக் குடுத்துட்டா அவங்க வேற எங்கயும் போய் சுட முடியாது இல்ல" என்றாள்.  படித்தது எட்டாவதா பத்தாவதா என்று அவளுக்கே சரியாக நினைவில்லை, இது எங்கே இருந்து வந்தது இவளுக்கு!

டின் வந்தது. கோணி கோணியாக வந்தது. அவள் வீட்டு முன்அறையில் நடக்க இடமில்லை. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. இத்தனை டின் என்றால் என் குத்துமதிப்பே குறைவு என்று மனசுக்குள் கணக்கைத் திருத்தினேன்.

அப்புறம் ஒருநாள் ரயிலில் ஸ்கெலட்டன்கார அம்மா ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். உங்க நாத்தனார் தகரம் மட்டும்தான் எடுப்பாங்களா, பித்தளையும் எடுப்பாங்களா? வீட்டில் பழைய குத்துவிளக்கு ஒன்று கால் உடைந்து கிடக்கிறதாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மைன்ஸ் மூடின பிறகு எங்கள் ஊரில் வீடு வீடாக வந்து பழைய இரும்பு கேட்கிறவர்கள் அதிகம். கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பொம்பளை லைனுக்குள் வந்து தகர டின் கேட்டால் ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்? பாதிப் பேர் அவள் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. ஐயோ பாவம், புருஷன் இல்லாதவள், பழைய சாமான் வியாபாரம் ஆரம்பித்துவிட்டாள் என்று இரக்கப்பட்டு, வீட்டில் கிடந்ததை எல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

அன்று ராத்திரியே அவள் வீட்டில் போய்க் கோணியைக் கொட்டிப் பார்த்தேன். அடி ஓட்டையானது, துரு தின்றது, கோழிக்குத் தீனி வைத்தது, ஒன்றில் மண் கூட இருந்தது, ரோஜாச் செடி வைத்திருந்தார்கள்போல. இந்தக் குவியலை நம்பியா இவள் சேர்த்து வைத்த பணத்தைப் போடப் போகிறாள் என்று எனக்குத் தலை சுற்றியது. விஷயத்தைச் சொன்னேன். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் கொஞ்சம் சிரித்தாள், ஆனால் முகம் சின்னதாகிவிட்டது. அத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

அடுத்த ஞாயிறு என்னையும் கூட வரச் சொன்னாள். எல்லா டின்னையும் திருப்பித் தூக்கிக்கொண்டு அதே வீடுகளுக்குப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் அவள் சொன்னது ஒரே பேச்சு. அடுப்பு போடுவது இன்னும் முடிவாகவில்லை, டின்னை நான் வைத்துக்கொள்ளட்டுமா, நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா? பொய் ஒன்றும் இல்லை, உண்மையிலேயே முடிவாகவில்லைதான். நிறைய வீட்டில், அதை எதுக்கும்மா திருப்பித் தூக்கிட்டு வந்தே, போற வழியிலே போட்டுடு என்றார்கள். சில வீட்டில் டின்னை வாங்கிப் பார்த்து, அட இது நல்லாத்தான் இருக்கு என்று உள்ளே வைத்துக்கொண்டார்கள். இவளுக்கு எதுவும் உறைக்கவே இல்லை, அடுத்த வாசலுக்குப் போனாள். எனக்குத்தான் மானம் போனது.

மைசூர் மைன்ஸில் ஒரு வீடு. பென்ஷன் வாங்குகிற ஒரு அம்மா, பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். முடிவாகவில்லை என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"இன்னா விளையாடுறியா? நீ சொன்னியேன்னு நான் கேக்குக்குப் பழத்தையெல்லாம் ஊறப் போட்டுட்டேன். இப்போ வந்து முடிவாகலன்றே. டிசம்பருக்கு நான் யாரு வாசல்ல போய் நிக்கிறது?"

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தால் என் நாத்தனார் முகம் அப்படி ஒளிவிடுகிறது! திட்டு வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. அந்த அம்மாவின் டின்னைத் தன் புடவையால் துடைத்துத் தனிப் பையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்று அவள் தேடியது திட்டைத்தான். கோபப்பட்டவர்கள், பழம் ஊறப் போட்டவர்கள், மகள் வீட்டுக்கும் சேர்த்துச் சுடலாம் என்று இருந்தேனே என்று புலம்பினவர்கள், இவர்கள் டின் மட்டும் பையில் சேர்ந்தது. திரும்பி வரும்போது கோணிகள் போய் ரெண்டு பைதான் மிச்சம்.

குறைந்துபோனதில் உனக்கு என்ன சந்தோஷம் என்று வழியில் கேட்டேன். முன்னே இருந்தது குப்பை, இது ஆளுங்க அண்ணி என்றாள். நான் வாழ்க்கை முழுவதும் கூட்டலை நம்பி இருக்கிறவள். கழித்துக் கழித்து ஒருத்தி தெம்பாவதைப் பார்த்து அன்றைக்கு மலைத்துப் போனேன்.

அதற்குப் பிறகு அவள் பேக்கரி சொந்தக்காரரிடம் பேசப் போனாள். வயசானவர், பிள்ளைகள் வெளிநாட்டில், இடத்தை எப்போது விற்பார் என்று அவருக்கே தெரியாது. அடுப்பின் மேல் வளைவு பல வருஷமாகத் தீயைப் பார்க்காமல் விரிசல் விட்டுக் கிடந்தது. மேஸ்திரி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, வளைவைப் பிரித்துப் புதுச் செங்கல், தீ தாங்குகிற செங்கல், வைத்துக் கட்ட வேண்டும், கட்டினாலும் நிற்குமா என்பது தீ போட்டால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். இதுதான் எனக்குப் பெரிய பயம். மெஷின் வாங்கினால் விற்கலாம். மாவு வாங்கினால் தின்னலாம். கட்டின அடுப்பை யார் வாங்குவார்கள்?

அவள் என்ன செய்தாள் தெரியுமா? தீயைத் தாங்கி வளைவு நிற்கும் வரை வாடகை இல்லை, நான் காலி செய்து போய்விட்டால் புது வளைவு உங்களுக்கே என்று சொந்தக்காரரை ஒத்துக்கொள்ள வைத்தாள். பாதிக் கூலி இப்போது, மீதி வளைவு நின்ற பிறகு, விரிசல் விட்டால் மறுபடி கட்டித் தர வேண்டும் என்று மேஸ்திரியை ஒத்துக்கொள்ள வைத்தாள். செங்கல் செலவு மட்டும் தன் தலையில். எல்லாப் பயத்தையும் நான் ஒருத்தியே ஏன் படணும், மூணு பேரும் கொஞ்சம் கொஞ்சம் பயப்படலாமே என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கள் கம்பெனியில் இதே வேலையைச் செய்யக் கோட்டு போட்ட ஆட்கள் ஒரு கூட்டமாக வந்து உட்காருவார்கள். இவள் சாதாரணப் புடவையில், டீக்கடை பெஞ்சில் முடித்துவிட்டாள்.

வேலைக்கு மட்டும் சம்பளம் இல்லாத லீவு போட்டிருந்தாள். அதுதான் எங்களுக்கெல்லாம் ஆறுதல். மாமியார் அழும்போதெல்லாம், வேலை கையில் இருக்கு அத்தை, இது நடக்கலன்னா திரும்பிப் போயிடுவா என்று நான்தான் தேற்றுவேன்.

வளைவு கட்டி முடித்து, கொஞ்ச நாள் சின்னச் சின்னத் தீயாகப் போட்டு ஈரத்தை வற்ற வைத்தார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் முழுத் தீ. நானும் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். சொந்தக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விறகு கனன்று, உள்ளே செங்கல் கறுத்து, பிறகு கறுப்பு போய் வெளுக்க ஆரம்பித்தது. அது நல்ல அடையாளம் என்று மேஸ்திரி சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே படாரென்று ஒரு சத்தம். எதிர்க் கடையில் இருந்த மைன்ஸ் பென்ஷன்காரர்கள் எழுந்து தெருவுக்கே வந்துவிட்டார்கள். மைன்ஸ் ஓடின காலத்தில் கீழே பாறை வெடித்தால் மேலே வீடே ஆடுமாம், அதை பர்ஸ்ட் என்பார்கள். எங்கள் ஊரில் இன்றைக்கும் பெரிய சத்தம் எதுவானாலும் பர்ஸ்ட்தான். எங்கேம்மா பர்ஸ்ட்டு, எங்கேம்மா பர்ஸ்ட்டு என்று கேட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

வளைவில் நீளமாக ஒரு விரிசல். இந்தப் பக்கம் ஆரம்பித்து அந்தப் பக்கம் வரை. மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். சொந்தக்காரர் நாற்காலியை மடித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் தோளைப் பிடித்து, போனது போகட்டும் விடு, திங்கட்கிழமை வேலைக்குப் போ, செங்கல் காசோடு போச்சு என்று சொன்னேன். அங்கே இருந்த எல்லாரும் அதையே சொன்னார்கள். வேலை இருக்கிறதே, உனக்கென்னம்மா என்றார்கள்.

அவள் கனன்ற விறகை வெளியே இழுத்துப் போடச் சொன்னாள். கொஞ்சம் தணிந்ததும் டார்ச்சை வாங்கி அடுப்பு வாயில் தலையை விட்டு, அனல் முகத்தில் அடிக்க அடிக்க ரொம்ப நேரம் பார்த்தாள். வெளியே வந்து மேஸ்திரியிடம், கல்லு ஒடையல, கல்லுங்க நடுவுல பூச்சுதான் பிரிஞ்சிருக்கு, ஆற விட்டுப் பிரிச்சு இதே கல்லை வெச்சுக் கட்டுங்க என்றாள்.  பிறகு வந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னாள்.

ரெண்டாவது தீயில் வளைவு நின்றது. டிசம்பரில் அந்தத் தெருவைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! ரெண்டு பையில் இருந்த டின்காரர்கள் ஒவ்வொருவரும் வந்தார்கள், கூடவே அக்கம்பக்கத்தையும் கூட்டி வந்தார்கள். அன்றைக்கு டின்னை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டவர்களும் அதே டின்னோடு வந்து, என்னம்மா மறந்துட்டியா என்று நின்றார்கள். மைசூர் மைன்ஸ் அம்மா முதல் ஆளாக வந்து, வெந்துவிட்டதா வெந்துவிட்டதா என்று அடுப்பை விட்டு நகரவே இல்லை. தெருவே பட்டையும் கிராம்புமாக மணந்தது. நான் கல்லாவில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுத்தேன், எங்கே பார்த்தாலும் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டார்கள், எல்லாருக்கும் நான் அண்ணியாகிவிட்டேன்.

ஜனவரி வந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு பன், டீக்கடைக்கு ரஸ்க் என்று ஏதோ ஓடியது. சில நாள் வெறுமனே தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என் அக்கவுண்ட்ஸ் மூளை சும்மா இருக்குமா? ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது, லீவு எப்போது முடிகிறது, இப்போதே யோசித்து வைத்துக்கொள், வேலைக்குப் போய்க்கொண்டே இதையும் ஆள் வைத்து நடத்தலாம் என்று ஆரம்பித்தேன்.

லீவா என்று கேட்டாள். கையில் ஒட்டின மாவை வழித்துப் போட்டாள். அந்த முழுத் தீ போடுவதற்கு முந்தின வாரமே கம்பெனிக்குப் போய் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாளாம். அழுவோம் என்று எங்களிடம் சொல்லவில்லையாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கத்தினேன். மாசக்கணக்கில் டின்னை எண்ணி, ஆளை எடைபோட்டு, பயத்தைப் பங்கு பிரித்து, ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்து வைத்தவளுக்கு, இன்னும் ஒரே ஒரு வாரம் பொறுக்க முடியவில்லையா? வளைவு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு விட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? பெண் படிக்கிறாளே என்று ஒரு நினைப்பு வேண்டாமா?

அவள் கத்தவில்லை. மாவை உருட்டித் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தீ நல்லா வந்தா வேலைய வுடலாம்னு இருந்திருந்தேன்னா, அந்தச் சத்தம் கேட்டதும் நான் திங்கக்கெழம ரயில் ஏறியிருப்பேன், அண்ணி. அது வெறும் பூச்சுதான்னு உள்ள தலைய வுட்டுப் பாத்திருக்கவே மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

நான் அங்கிருந்த மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை, விரிசலைப் பார்த்து நாங்கள் எல்லாரும் மாற்றி மாற்றிப் பேசினதும், வேலை இருக்கிறதே உனக்கென்ன என்று சொன்னதும், அவள் டீ சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது. வேலை இருக்கிற ஒருத்தியைத்தான் நாங்கள் தேற்றிக்கொண்டிருந்தோம். அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தவளுக்கு வேலை இல்லை.